ஜூன் மாதக் கட்டணமும் பன்னிரண்டு பவுனும்

கேள்வி: எனக்கு வயது 36. திருச்செங்கோட்டில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன்; கைக்கு 18,000 ரூபாய் வருகிறது. கணவர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்குப் போகிறார். வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் வெளிமாநிலத்தில்தான் இருப்பார். மாதம் 12,000 அனுப்புவார். மழைக்காலத்தில் ஊருக்கு வரும்போது கணக்கு முடித்து 90,000 அளவில் கொண்டு வருவார். ஒரே மகன், தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். காலையில் அவனை எழுப்பிக் கிளப்பி 7.40 வேனில் ஏற்றிவிட்டு ஆலைக்கு ஓடுவதும், மாலையில் டியூஷனிலிருந்து கூட்டி வந்து வீட்டுப்பாடம் எழுத வைப்பதும் நான் ஒருத்தியேதான். எவ்வளவு சிக்கனமாக இருந்தும் அவனுக்கென்று இதுவரை ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை என்ற பயம் தூங்க விடுவதில்லை. இன்ஜினியரிங் படிக்க வைக்க ஆசை. மாதம் 3,000 வீதம் 15 ஆண்டுகள் கட்டும் குழந்தைகள் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை அலுவலகத் தோழி சொல்கிறார். பொன்மகன் திட்டம் நல்லது என்கிறார்கள் சிலர். எதில் சேரலாம்? எங்களுக்குக் கடன் எதுவும் இல்லை. பள்ளிக் கட்டணத்துக்காக ஜூன் மாதம் நகையை வங்கியில் வைப்பதோடு சரி. தம்பி பள்ளிபாளையத்தில் தறி வைத்திருக்கிறான், அவனுக்கும் இரண்டு முறை அதிலிருந்து கொடுத்திருக்கிறேன். இந்த ஜூனில் ஒன்றரை லட்சம் கேட்கிறான். செலவு விவரமும் நகைக்கடன் விவரமும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை ஒரு முறையும் அதனுடன் இருந்த தனித்தாளை நான்கு முறையும் படித்தேன். கடிதத்தில் "கடன் எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தாளிலோ 4,60,000 ரூபாய் கடன் இருக்கிறது. இது உங்கள் தவறு மட்டும் அன்று. நம் வீடுகளில் நகைக்கடனை யாரும் கடன் என்று சொல்வதில்லை, "நகை பேங்கில் இருக்கிறது" என்றுதான் சொல்கிறோம், பத்திரமாக வைத்துவிட்டு வந்தது போல.

செலவைக் குறைக்கும் வழி எதையும் நான் எழுதப் போவதில்லை. டியூஷனுக்கு 1,000, அபாகஸுக்கு 900 என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே "இதை நிறுத்திவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். நீங்கள் ஆலையிலிருந்து திரும்பும்வரை பையன் ஒரு பாதுகாப்பான இடத்தில் இருக்கிறான் என்பதற்கான விலை அது. உங்கள் பட்டியல்படி மாதச் செலவு மொத்தம் 24,400. இருவர் வருமானம் 30,000. ஆக மாதம் 5,600 ரூபாய் மிஞ்ச வேண்டும். கணவர் கொண்டு வரும் 90,000 எங்கே போகிறது என்பதற்குத் தாளில் ஒரு வரிகூட இல்லை. அதையும் நான் துருவப் போவதில்லை. தீபாவளி, குலதெய்வம் கோயில், சொந்தத்தில் இரண்டு விசேஷம் என்று அது எப்படிக் கரையும் என்பது எனக்கும் தெரியும். இப்போதைக்கு அந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் பேச வந்தது ஜூன் மாதத்தில் நீங்கள் செய்யும் ஒரே ஒரு காரியத்தைப் பற்றி. 2021 ஜூனில், மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, பன்னிரண்டு பவுனையும் வைத்து 60,000 வாங்கினீர்கள். மறு வருடம் தவணை முடிந்தபோது, ஒருவரிடம் அன்றைக்கு மட்டும் கைமாற்று வாங்கி, நகையைத் திருப்பி, அதே மதியம் அந்த அசல், அதன் வட்டி, புது வருடக் கட்டணம் மூன்றுக்குமாகச் சேர்த்து மறுபடி வைத்தீர்கள். 1,15,000 ஆனது. 2023இல் 1,80,000. 2024இல் தம்பிக்கு 60,000 கொடுத்ததில் 3,16,000. 2025இல் தம்பிக்கு இன்னொரு 50,000 சேர்ந்து 4,60,000. ஐந்து வருடத்தில் பள்ளிக்குப் போனது 2,90,000, தம்பிக்குப் போனது 1,10,000, மீதி 60,000 வட்டி. ஒரு முறைகூட வட்டியை உங்கள் கையிலிருந்து கட்டியதில்லை. கடனே கடனின் வட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

இது இத்தனை வருடம் உறுத்தாமல் போனதற்குக் காரணம் தங்கத்தின் விலை. 2021 ஜூனில் பவுன் சுமார் 36,000. 2025 ஜூனில் சுமார் 72,000. அந்த டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நகை அதேதான், ஒவ்வொரு ஜூனிலும் வங்கி கூடுதலாகத் தரத் தயாராக இருந்தது, நீங்களும் வாங்கினீர்கள். போதாததற்கு, 2026 ஏப்ரல் 1 முதலான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரையும், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80 சதவீதம் வரையும் தரலாம். இரண்டரை லட்சம் வரை வங்கி பெரும்பாலும் பார்ப்பது நகையின் எடையையும் விலையையும்தான்; அதற்கு மேல் போனால் திருப்பிக் கட்டும் திறனையும் பார்க்க வேண்டும் என்கிறது விதி. ஆனாலும் கடனைத் திருப்ப உங்கள் சம்பளம் போதுமா என்பதை முதலில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பழைய வழக்கப்படியே இந்த ஜூனிலும் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 4,60,000க்கு 9 சதவீத வட்டி 41,400, ஆக 5,01,400. ஆறாம் வகுப்புக் கட்டணம் 72,000 சேர்ந்தால் 5,73,400. தம்பி கேட்கும் ஒன்றரை லட்சத்தையும் சேர்த்தால் ஏழேகால் லட்சத்தைத் தொடும், அதற்கு ஒரு வருட வட்டி மட்டும் 65,000. அதாவது உங்கள் மகனின் போன வருடக் கட்டணம் முழுவதும். ஒரு பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைக்குக் கட்டணம் கட்டுவீர்கள்.

கட்டணத்தை ஏன் ஜூனில் மொத்தமாகக் கட்டுகிறீர்கள் என்பதற்கும் விடை தாளில் இருக்கிறது: "ஒரே தவணையில் கட்டினால் 3,000 தள்ளுபடி." ஜூன், அக்டோபர், ஜனவரி என மூன்று தவணையாகவும் கட்டலாம் என்று அடுத்த வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 72,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு 9 சதவீதத்தில் வாங்கினால் வட்டி 6,480. மூவாயிரம் மிச்சம் பிடிக்க ஆறாயிரத்து ஐந்நூறு கொடுக்கும் இந்தக் கணக்கை ஆலையில் யாராவது எழுதி வந்தால், நீங்களே கையெழுத்துப் போட மாட்டீர்கள்.

இப்போது திட்டங்களுக்கு வருகிறேன். தோழி சொல்லும் திட்டம் 15 ஆண்டுகள். உங்கள் மகனுக்கு இப்போது வயது பத்து. பணம் கைக்கு வரும்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. இன்ஜினியரிங் சேர்க்கை நடப்பதோ இன்னும் ஏழு வருடத்தில். அதில் உள்ள காப்பீடு, போனஸ், பெயரின் அழகு எல்லாவற்றையும் அதற்கப்புறம் பேசலாம், காலமே பொருந்தவில்லை. பொன்மகன் பொதுவைப்பு நிதி, 2015இல் தமிழ்நாடு அஞ்சல் வட்டம் தொடங்கியது, மோசமானதன்று. ஆனால் அது பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கேதான், அதற்கும் 15 ஆண்டுகள். 2020 ஏப்ரல் முதல் பி.பி.எஃப். வட்டி 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது. ஒன்பது சதவீதத்துக்குக் கடனை வைத்துக்கொண்டு ஏழு சதவீதத்துக்குச் சேமிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போன்றது. குழந்தைகள் பெயரில் போடும் ஓய்வூதியச் சேமிப்பான என்.பி.எஸ். வாத்சல்யா பற்றியும் யாராவது சொல்வார்கள். அதற்கும் இதே பதில். கடன் தீரும்வரை உங்கள் மகனுக்கான முதலீடு அந்த நகைக்கடன் கணக்கில் அசலைக் குறைப்பதுதான்.

காப்பீடு என்று ஒன்று அவசரமாக வேண்டுமானால் அது உங்கள் கணவர் பெயரில் வேண்டும்; ரிக் வேலையின் ஆபத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய வங்கிக் கணக்கிலேயே ஆண்டுக்கு 436 ரூபாயில் ஆயுள் காப்பீடான ஜீவன் ஜோதியும் 20 ரூபாயில் விபத்துக் காப்பீடான சுரக்ஷாவும் எடுக்கலாம்; ஒவ்வொன்றும் இரண்டு லட்சம். இதை இந்த வாரமே செய்யுங்கள். வசதி வந்த பிறகு பெரிய தொகைக்கு டேர்ம் பாலிசி பார்க்கலாம்.

இனி கடனை எப்படி இறக்குவது. பன்னிரண்டு பவுனும் அப்படியே இருக்க, மாத மிச்சம் 67,200, கணவரின் 90,000 இரண்டையும் முழுதாகப் போட்டாலும், கட்டணமும் வட்டியும் போக வருடத்துக்கு நாற்பதாயிரம் அளவுக்கு மேல் அசலில் குறையாது. கட்டணம் வருடம் 5,000 கூடுகிறது என்று வைத்தால், மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது இரண்டரை லட்சம் கடன் நின்றுகொண்டிருக்கும். ஆகவே கேட்கப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன்: மூன்று பவுனை விற்றுவிடுங்கள். பவுன் ஒரு லட்சம் என்றே வைத்து, கழிவு போக 2,80,000 கைக்கு வந்தால், ஜூனில் மிச்சம் இருக்கும் கடன் சுமார் 2,20,000. அதன்பின் முதல் வருடம் 65,000, அடுத்த வருடம் 66,000 என அசல் இறங்கி, மகன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது கடன் தீர்ந்துவிடும். கணவரின் தொகை ஒரு வருடம் குறைந்தால் இன்னும் ஒரு வருடம் ஆகும், அவ்வளவுதான். நகையை விற்பது குடும்பத்துக்கு இறக்கம் என்று யாராவது சொன்னால், ஐந்து வருடமாக அந்த நகையை நீங்கள் ஒரு கல்யாணத்துக்காவது போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

செய்யும் முறை நீங்கள் வழக்கமாகச் செய்வதுதான், திசை மட்டும் வேறு. அதே கைமாற்று, அதே திருப்புதல். ஆனால் மதியம் வங்கிக்குத் திரும்பும்போது பன்னிரண்டு பவுனுக்குப் பதில் நான்கு பவுன் போதும். 2,20,000 கடனை இரண்டு பவுன் வீதம் இரண்டு தனிக் கணக்காக, ஒவ்வொன்றும் 1,10,000 என்று பிரித்து வையுங்கள். ஒரே கணக்காக இருந்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு மோதிரம்கூட வெளியே வராது. இரண்டாக இருந்தால் இரண்டாம் வருடத்திலேயே ஒன்றைத் திருப்பிவிடலாம். விற்பதை நகைக்கடையில் ரசீதுடன் விற்றுப் பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். இதையெல்லாம் கணவரிடம் இப்போதே தொலைபேசியில் பேசிவிடுங்கள், ஜூன் வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு சின்ன இடைச்செருகல். பள்ளியை மாற்றச் சொல்வது என் வேலையன்று. ஆனால் இன்ஜினியரிங் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. அந்த இடத்தில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குவதால் இதை யோசிக்க உங்களுக்கு இந்த ஜூன் வரைதான் நேரம். அருகில் நல்ல அரசுப் பள்ளி இருக்கிறதா என்று ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு நீங்களும் கணவரும் முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, தம்பி. தேர்தல் வருகிறது, நகைக்கடன் தள்ளுபடி ஆகிவிடும், அதனால் கூட்டியே வைக்கலாம் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2021இல் அரசு அறிவித்த தள்ளுபடி கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுனுக்கு உட்பட்டு வைத்த கடனுக்கு, அதுவும் பல நிபந்தனைகளோடு கிடைத்தது. உங்களுடையது வங்கிக் கடன், பன்னிரண்டு பவுன். அந்த நம்பிக்கையில் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். பையனின் காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்து அரைப்பவுன் சங்கிலி போட்ட தாய்மாமனுக்கு எப்படி இல்லை என்று சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சீர் என்பது திருப்பிக் கேட்காமல் கொடுப்பது. அவர் உங்களிடம் வாங்கிய 1,10,000 வட்டிக்கு எடுத்த பணம், அதில் ஒரு தவணைகூடத் திரும்பவில்லை. அவரோடு சண்டை போட வேண்டாம். "நகை முழுக்கக் கணக்கில் கட்டுப்பட்டுவிட்டது, மாமா வந்ததும் அவரிடம் பேசிக்கொள்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், காரணம் விளக்கத் தொடங்காதீர்கள். விளக்கினால் அவர் பேரம் பேசுவார்.

அந்த அரைப்பவுன் சங்கிலியும் அடகில்தான் இருக்கிறது என்று தாளின் கடைசி வரியில் பார்த்தேன். விற்கும் மூன்று பவுனிலும் மறுபடி வைக்கும் நான்கு பவுனிலும் அதைச் சேர்க்காதீர்கள். மிச்சமுள்ள ஐந்து பவுனோடு ஜூனில் அது வீட்டுக்கு வந்துவிடும். மற்றதை லாக்கரில் வைத்துவிட்டு, தம்பி அடுத்த முறை வரும்போது சங்கிலி பையன் கழுத்தில் இருக்கட்டும்.