‘மேனேஜர் அண்ட் ஐ’ என்று எழுதுவதா, ‘மேனேஜர் அண்ட் மீ’ என்று எழுதுவதா?

கோப்பை மேலாளருக்கும் உங்களுக்கும் அனுப்பச் சொல்லும் மின்னஞ்சலில் ‘சென்ட் இட் டு மை மேனேஜர் அண்ட் மீ’ என்று எழுதியது மரியாதைக் குறைவா, ‘ஐ’ என்று மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம், ‘மீ’தான் சரி. அலுவலகத்தில் யாரோ அதைத் திருத்தச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

எனக்கும் அது நேர்ந்தது. முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் பள்ளியில், சந்தேகம் இருந்தால் துணை முதல்வரையோ என்னையோ சந்திக்கலாம் என்று பெற்றோருக்கு ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை தயாரித்தேன். அதில் இருந்த ‘மீ’யை அடித்து ‘ஐ’ என்று எழுதிய நிர்வாகி, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்த இடம் எப்போதுமே இடறும் என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். துணை முதல்வரை நீக்கிவிட்டு ‘யூ மே மீட் ஐ’ என்று வாசித்துப் பாருங்கள் ஐயா என்றேன். அவர் சிரித்தார், சுற்றறிக்கை அவர் திருத்தியபடியே, என் பெயரைத் தாங்கிப் போயிற்று.

உண்மையில் தமிழ் வழியில் படித்தவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. தமிழில் இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்லும்போது வேற்றுமை உருபு இருவர் மீதும் ஏறும்: ‘மேலாளருக்கும் எனக்கும்’ என்போமே தவிர, ‘மேலாளருக்கும் நானும்’ என்று குழந்தைகூடச் சொல்லாது. ஆகவே வாக்கியத்தைத் தமிழில் நினைத்து, ‘என்னை’, ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்று வந்தால் பெரும்பாலும் ‘மீ’ என்றும், ‘நான்’ என்று வந்தால் ‘ஐ’ என்றும் எழுதலாம். ‘பெரும்பாலும்’ என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘தம்பிக்கும் எனக்கும் பசிக்கிறது’, ‘அவருக்கும் எனக்கும் தெரியும்’ போன்றவற்றில் தமிழில் நான்காம் வேற்றுமை வந்தாலும், ஆங்கிலத்தில் பசித்திருப்பவரும் தெரிந்திருப்பவருமே எழுவாய் என்பதால் அங்கே ‘ஐ’தான் வரும். அத்தகைய இடங்களில் மற்றவரை நீக்கிவிட்டு வாசித்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

இந்தக் குழப்பத்தை வளர்த்ததில் பள்ளிக்கும் பங்குண்டு. ‘மீ அண்ட் மை ஃபிரெண்ட் வென்ட்’ என்று சொன்ன பிள்ளையை அதட்டித் திருத்தினோமே தவிர, அங்கே எழுவாய் தேவை என்ற காரணத்தைச் சொல்லவில்லை. ‘மீ’ என்பதே நாகரிகமற்றது என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிக்கொண்டது. போட்டித் தேர்வுப் பயிற்சிகளில் மனப்பாடம் செய்விக்கும் ‘2-3-1’ விதியோ முன்னிலை (2), படர்க்கை (3), தன்மை (1) என்று யாரை முதலில் சொல்வது என்ற வரிசையை மட்டுமே சொல்கிறது. ‘ஐ’ வருமா ‘மீ’ வருமா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

ஷேக்ஸ்பியரே ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் அந்தோணியோவின் கடிதத்தில் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று எழுதியிருக்கிறாரே என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்கக்கூடும். எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை, அவர் காலத்து வழக்கு வேறு. தொலைபேசியில் ‘இட்ஸ் மீ’ என்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ‘இட் இஸ் ஐ’ என்று இன்று பேசினால்தான் செயற்கையாக ஒலிக்கும். ஆனால் நேர்முகத் தேர்வில் ‘மைசெல்ஃப் குமார்’ என்று தொடங்கும் கிராமத்து இளைஞனைக் கேலி செய்பவர்களே ‘ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்’ என்று மின்னஞ்சல் அனுப்புவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.

உங்கள் மேலாளர் ஏற்காமல் பிடிவாதம் பிடித்தால், அவருடன் வாதாட வேண்டாம். பெறுநர் வரிசையில் இருவர் முகவரியும் இருக்கப் போகிறது என்பதால், ‘ப்ளீஸ் சென்ட் இட் டு அஸ்’ என்று எழுதிவிடுங்கள். ‘அஸ்’ என்பதை ‘வீ’ என்று திருத்தச் சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை.