செம்பனைக்கு அடியில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஐயா, நிபோங் திபால் பக்கம் அம்மா பிறந்த தோட்டத்துக்குப் பிள்ளைகளோடு போகப்போகிறோம். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டுவிட்டார்கள். பழையது ஏதாவது மிஞ்சியிருக்குமா? மண்ணைக் கிண்டிப் பார்க்கலாமா?
- பட்டர்வொர்த் வாசகர்

பதில்: மிஞ்சியிருக்கும் தம்பி. மண்வெட்டியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டு, நேராகக் கோயிலுக்குப் போங்கள். லயத்தை இடிப்பவர்கள்கூடக் கோயிலில் கைவைக்கத் தயங்குவார்கள். அங்கிருந்து பார்த்தால் மற்றது பிடிபடும். வரிசை தப்பாத செம்பனைக்கு நடுவே ஒற்றை மாமரம் நின்றால் அது யார் வீட்டுக் கொல்லையோ! அதைச் சுற்றிச் சிமெண்டுத் தரை, கிணறு, முன்பு ரப்பர் மரத்தில் பால் பிடித்த மங்கின் உடைந்த ஓடு கிடக்கிறதா பாருங்கள். மழை பெய்த மறுநாள் பளிச்சென்று தெரியும். நான் கிராணியாக இருந்த தோட்டத்தில் மங்கின் உட்புறம் ரப்பர் பால் காய்ந்து பழுப்புத் தோலாக ஒட்டியிருக்கும். கறிச்சட்டி ஓட்டில் அது இருக்காது.

ரப்பருக்கு முன்பு அங்கே கரும்பு. 19ஆம் நூற்றாண்டில் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியது அந்தக் கரும்புத் தோட்டங்களில்தான். இன்று எல்லோரும் நிபோங் திபால் கலிடோனியா தோட்டத்தின் 99 கதவு மாளிகைக்குப் பேய் பார்க்க ஓடுகிறார்கள். துரை ராம்ஸ்டன் 1948இல் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து கிளம்பிய கதைகள் அவை. கட்டடம் சிதிலம், பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். என்னைக் கேட்டால், துரை பங்களாவைவிட, வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகைத் தரையைத்தான் அம்மா காட்டவேண்டும்.

கிண்டுவது ஏன் கூடாது? கெடா பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவிலும் மேலே செம்பனைதான். 2007க்குப் பிறகு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் பக்குவமாகத் தோண்டியதால் இரும்பு உருக்கிய உலைகளும் களிமண் ஊதுகுழாய்களும் கிடைத்தன. அதே பள்ளத்தாக்கில் 2013இல் நிலத்தைச் சமன்செய்தபோது 11ஆம் எண் சண்டியே (பழங்காலக் கோயிலின் அடித்தளம்) காணாமல் போனது. 2005 மரபுடைமைச் சட்டப்படி அனுமதியில்லாமல் அகழக் கூடாது. பழம்பொருள் கண்ணில் பட்டால் எடுக்காமல் படம்பிடித்து மாவட்ட அதிகாரிக்குத் தெரிவியுங்கள்.

திரும்பும்போது புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலய வளாகத்தில் செரோக் தோக் குன் கல்வெட்டைப் பாருங்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ 1845இல் பதிவுசெய்த பாறை அது. ஜூலைக் கடைசி மட்டும் வேண்டாம், திருவிழாக் கூட்டத்தில் காரை நிறுத்த இடம் கிடைக்காது.