டிரெய்லர் தளத்துக்கு ஊர் போட் ரெசின் வேண்டாம் தம்பி

தம்பி, கனடா வந்து ஆறு மாசத்திலயே பழைய டிரெய்லர் சட்டம் ஒண்டு வாங்கி கேம்பர் (காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போய்த் தங்குற சின்ன வீடு) கட்டப்போறன், மருந்தடிச்ச பிளைவுட்டைப் போட்டு மேல ஊரில போட்டுக்குப் பூசுற ரெசினைப் பூசினா தளம் உக்காம நிக்குமோ எண்டு கேட்டிருந்தீங்கள். நீங்களும் திருமலை, அதால திருக்கடலூர் கரையில இஞ்சின் பூட்டுற பின்பலகை உக்கிப்போன ஃபைபர் போட் எத்தினையோ பாத்திருப்பீங்கள். வெளியால ஃபைபர் பளபளவெண்டு இருக்கும், போல்ட் ஓட்டையால தண்ணி போய் உள்ள பலகை மாவாகிக் கிடக்கும். டிரெய்லர் தளமும் அப்பிடித்தான்.

என்ட முதல் கேம்பருக்கு முக்கால் இஞ்சி பிளைவுட்டுத்தான் போட்டனான், கீழ பெயின்டும் அடிச்சனான், ரெண்டு விண்டர் முடிய சில்லுக்குப் பக்கத்தில இருந்த ஒரு ஸ்க்ரூவைக் கழட்டப் போக ஸ்க்ரூ டிரைவர் ஊறின பாணுக்குள்ள போறமாதிரி இறங்கிச்சு. ஓட்டையைச் சுத்தி ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு. மரத்தில ஈரம் 20 வீதத்துக்கு மேல கனநாள் நிண்டா பூஞ்சணம் பிடிச்சிடும், அந்த ஒரு ஓட்டையே அதுக்குக் காணும்.

மருந்தடிச்ச பலகை பாரம், அதில இருக்கிற செம்பு அலுமினியத்தை அரிக்கும், அதை விடுங்கோ. இப்ப என்ட தளம் மேல கால் இஞ்சி பிளைவுட், நடுவில ஒன்றரை இஞ்சி எக்ஸ்.பி.எஸ். ஃபோம் (ரோஸ், நீலக் கலரில விக்கிற இறுக்கமான ஃபோம் தட்டு), கீழ எட்டில ஒரு இஞ்சி பிளைவுட். முக்கால் இஞ்சி பிளைவுட் 4க்கு 8 தட்டு ஒண்டு 60, 70 றாத்தல் வரும், இது பசையோட 40, 45தான், குளிருக்கும் மறைப்பு. விளிம்பைச் சுத்தியும் கபேட் ஸ்க்ரூ வாற இடத்திலயும் ஃபோமுக்குப் பதிலா மரச்சட்டம் வைங்கோ.

இனி ரெசின். ஊர் போட்டுக்கு அடிக்கிறது பாலியஸ்டர், அதில ஸ்டைரீன் எண்ட திரவம் இருக்கு, அது இந்த ஃபோமில பட்டா கண்முன்னால கரைஞ்சு குழி விழும், மரத்திலயும் எபோக்சி எண்ட மற்ற வகை ரெசின் அளவுக்குப் பிடிக்காது. அதால எபோக்சிதான் வாங்கவேணும், விலை கூடத்தான் ஆனா இதில மிச்சம் பிடிக்காதேங்கோ. ஃபோமை ஒட்ட பாலியூரத்தேன் பசையும் சரி, தின்னர் மணக்கிற கான்டாக்ட் சிமெண்ட் மட்டும் கூடாது.

ஓட்டை எல்லாத்தையும் முதல் பெரிசாத் துளைச்சு எபோக்சியால நிரப்பி, இறுகினபிறகு அதுக்குள்ளயே சின்னதா திரும்பத் துளைச்சு ஸ்க்ரூவைப் போடுங்கோ, இப்ப தண்ணி போனாலும் மரத்தைத் தொடாது. வெட்டு விளிம்பு தண்ணியை உறிஞ்சும், அதுக்கு மூண்டு பூச்சு. வெயில் எபோக்சியைக் கெடுக்கும், காஞ்சதும் மேல பெயின்ட் அடியுங்கோ. குளிரில எபோக்சி இறுகாது, வேலையைக் கோடையில வைங்கோ.

சட்டத்தில குறுக்குக் கம்பிகளுக்கு நடுவில எவ்வளவு இடைவெளி எண்டு அளந்து எழுதுங்கோ தம்பி, ரெண்டு அடிக்கு மேல எண்டா நடுவில இன்னொரு ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) வெல்ட் பண்ணிப்போட்டுத்தான் இதெல்லாம் தொடங்கவேணும்.