தேங்காய் எண்ணெய் விட்டவர்கள் முதலில் துடைத்துவிட்டு வரவும்: பொம்மை ரயில் கேள்வி பதில்

மின்சார வேலையில் 31 வருஷம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன். நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டு மாடியில், எச்.ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக, கன்னியாகுமரி ரயில் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வருஷமாகிறது. "இதுக்குள்ள நிஜ ஸ்டேஷன் ரெண்டு கட்டியிருக்கலாம்" என்பது வீட்டில் உள்ளவளின் கணக்கு. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

தக்கலை: அண்ணாச்சி, எனக்கு 10-க்கு 8 அடி அறை ஒன்று கிடைத்திருக்கிறது. விவேக் எக்ஸ்பிரஸை முழு நீளத்தில் ஓட்ட ஆசை. நடக்குமா?

தம்பி, கணக்குப் போட்டுவிடுவோம். எல்.எச்.பி. ரகப் பயணிகள் பெட்டி ஒன்று 23.54 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 27 சென்டிமீட்டர். 22 பெட்டி என்று வைத்துக்கொண்டால் 6 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இன்ஜினையும் சேர்த்தால் 6 மீட்டரைத் தாண்டும். உங்கள் இன்ஜின் அறைக்குள் நிற்கும்போது கடைசிப் பெட்டி கிணற்றடியில் நிற்கும். 160-ல் ஒரு பங்கான 'என்' (N) என்ற இன்னும் சின்ன அளவுக்குப் போனாலும் மூன்றே கால் மீட்டருக்கு மேல். பத்தடிச் சுவருக்குள் அடங்காது. ஆறு பெட்டி போடுங்கள். பார்க்கிற கண் மீதியைச் சேர்த்துக்கொள்ளும்.

அந்த வண்டி கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ரூகர் வரை ஓடும் தூரம் 4,100 கிலோமீட்டருக்கு மேல். அதை எச்.ஓ-வில் போட்டால்கூட 47, 48 கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை ரயில் தூரம் 87 கிலோமீட்டர். எச்.ஓ-வில் அது ஒரே ஒரு கிலோமீட்டர்தான். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தென்னந்தோப்பு வைத்திருக்கும் சொக்காரன் ஒருவனிடம் மறுநாளே பேசிப் பார்த்தேன். அவன் இப்போது என் போனை எடுப்பதில்லை.

கருங்கல்: இன்ஜின் சக்கரம் கிறீச்சென்று சத்தம் போடுகிறது. இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடாது. நம் ஊரில் தலைவலிக்கும் தேங்காய் எண்ணெய், கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய், எனக்குத் தெரியும். ஆனால் அது சுமார் 24 டிகிரியில் உறையும். மார்கழி விடியலில் பல்சக்கரத்துக்குள் வெண்ணெய் மாதிரி நிற்கும். வெயில் ஏறினால் இளகித் தண்டவாளத்தில் இறங்கும். அங்கே தூசியைச் சேர்த்துக்கொண்டு கரிப்பசையாகும். அப்புறம் மின்சாரம் சக்கரத்துக்கு ஏறாது. பிளாஸ்டிக்கைத் தின்னாத மெல்லிய மெஷின் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு அச்சில் வையுங்கள். ஒரு சொட்டுகூட அதிகம்.

குளச்சல்: மணவாளக்குறிச்சி கடற்கரையின் கருமணல் தண்டவாள ஜல்லிக்கு அச்சாகப் பொருந்துகிறது. போடலாமா?

நல்ல கேள்வி. நானே செய்த தப்பு என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த மணலின் கறுப்பு இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. காந்தத்துக்கு லேசாக இழுபடும். அதோடு கலந்திருக்கும் வேறு இரும்புத் துகள்கள் இன்னும் நன்றாகவே இழுபடும். நம் இன்ஜினுக்குள் இருப்பது என்ன? காந்தம் வைத்த மோட்டார், தண்டவாளத்திலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில். நான் இரண்டு மீட்டர் பாதைக்குப் போட்டு ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் இன்ஜின் முனகியது, ஐந்தாம் நாள் நின்றது. பிரித்துப் பார்த்தால் காந்தத்துக்கு மீசை முளைத்திருந்தது. பசையில் ஒட்டாமல் நின்ற துகள்களெல்லாம் ஒவ்வொன்றாக ஏறிவிட்டன. அந்த மோட்டார் அதோடு சரி.

இன்னொன்று, அதில் மோனசைட் உண்டு. தோரியம் உள்ள தாது, கதிர்வீச்சு உடையது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிப்போன மணலில்தான் அதைக் கண்டார் என்பது இந்தப் பக்கம் எல்லோரும் சொல்லும் கதை. பூட்டிய அறையில் உட்கார்ந்து அந்த மணலைச் சலித்துத் தூசியை மூக்கில் ஏற்ற வேண்டாம். அள்ளி வருவதும் சட்டப்படி சரியில்லை.

எம் சாண்ட் எடுங்கள். நம் ரயில்வே ஜல்லியில் பெரிய கல் 65 மில்லிமீட்டர், எச்.ஓ-வில் அது முக்கால் மில்லிமீட்டர். ரவை சலிக்கும் சல்லடையில் விழுந்து, மைதா சலிக்கும் சல்லடையில் தங்குவது எதுவோ அதுதான் உங்கள் ஜல்லி. கழுவிக் காயவைத்துப் பரப்பி, பெவிக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மருந்துப் பில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சல்லடை சமையலறைச் சல்லடையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அதன் பிறகு இரண்டு மாதம் ஆப்பம் கிடையாது.

கோட்டார்: பெங்களூருக்கு வெயிட்டிங் லிஸ்ட் 43. கன்பர்ம் ஆகுமா?

நான் பொம்மை ரயில்காரன். என் வண்டியில் இடம் இருக்கிறது, ஆனால் உங்கள் உயரம் இரண்டு சென்டிமீட்டராக இருக்க வேண்டும்.

குலசேகரம்: ரப்பர் மரம், தென்னை எல்லாம் எப்படிச் செய்வது? கடையில் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டு ஊசியிலை மரம்.

அந்த மரங்களை வைத்தால் இரணியல் ஸ்டேஷன் சுவிட்சர்லாந்து ஆகிவிடும். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, ஊறவைத்து அடித்த தும்புதான் நமக்குச் சரக்கு. ரப்பர் தோட்டத்துக்கு மெல்லிய கம்பியை முறுக்கிக் கிளை பிரித்து, தும்பைப் பொடியாக நறுக்கி ஒட்டி, பச்சை அடியுங்கள். வரிசை பிசகாமல் நடுங்கள். ரப்பர் தோட்டத்துக்கு அழகே அந்த வரிசைதான். பட்டை சீவிய கோட்டையும் சிரட்டைப் புள்ளியையும் ஊசியால் வைத்தால் பார்க்கிறவர்கள் குனிவார்கள்.

தென்னைக்கு 20 மீட்டர் உயரம் என்றால் நீங்கள் செய்ய வேண்டியது 23 சென்டிமீட்டர். எல்லோரும் குட்டையாகச் செய்துவிட்டு ஓலையை மட்டும் பெரிதாக வைக்கிறார்கள். நேராகவும் நிறுத்தாதீர்கள், கொஞ்சம் சாயட்டும். தும்பை முதலில் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பூஞ்சை பிடித்தால் தோட்டமே நரைத்துப்போகும்.

திங்கள்நகர்: வளைகுடாவில் இருந்த மாமா, மெர்க்ளின் என்ற ஜெர்மன் கம்பெனியின் பழைய பொம்மை இன்ஜின் ஒன்று தந்தார். என் டிராக்கில் வைத்ததும் பவர் பாக்ஸ் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்துவிட்டது. இன்ஜின் போச்சா?

இன்ஜின் போகவில்லை, கண்ணாடி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தப்பு டிராக்கில்தான். நம்மிடம் இருப்பது இரண்டு தண்டவாள முறை: ஒன்றில் பாசிட்டிவ், ஒன்றில் நெகட்டிவ், 12 வோல்ட் நேர் மின்சாரம். அதனால் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒன்றையொன்று தொடாமல் காப்பிட்டிருக்கும். பழைய மெர்க்ளின் வேறு சாதி. பாதையின் நடுவே வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். இன்ஜின் வயிற்றில் உள்ள நீளத் தகடு அதைத் தடவி மின்சாரம் எடுக்கும். இரண்டு தண்டவாளமும் திரும்பும் வழி. ஆகவே சக்கரங்களுக்குக் காப்பு கிடையாது. நம் டிராக்கில் வைத்தால் இரண்டு தண்டவாளத்தையும் நேராக ஷார்ட் செய்யும். உங்கள் பவர் பாக்ஸ் தன் வேலையைச் செய்து தப்பித்தது.

அது ஓடுவது மாறு மின்சாரத்தில், 16 வோல்ட் வரை. பின்னோக்கி ஓட வேண்டுமானால் ஒரு கணம் 24 வோல்ட் தட்ட வேண்டும். உள்ளே ஒரு ரிலே டக்கென்று திரும்பும். அந்தச் சத்தத்துக்காகவே அதை வைத்திருக்கலாம். மாமாவிடம் பழைய டிரான்ஸ்பார்மரும் இருந்தால் உடனே 230 வோல்ட்டில் சொருகாதீர்கள். பழைய ஒயரின் உறை வெடித்திருக்கும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்த பிறகு தொடுங்கள். 31 வருஷம் நான் பார்த்த விபத்துகளில் பாதி, "சும்மா சொருகிப் பார்த்தேன்" என்று தொடங்கியவை.

அஞ்சுகிராமம்: தொடங்க எவ்வளவு செலவாகும்?

வீட்டில் சொல்லும் தொகையைப் போல இரண்டு மடங்கு.

பூதப்பாண்டி: 1960-களின் நாகர்கோவில் ஸ்டேஷனைச் செய்கிறேன். எங்கள் பாட்டா அங்கே கரி இன்ஜின் வண்டி ஏறியவர். மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலச் சின்னப் பாதையில், ஓடிய ஒய்பி ரகக் கரி இன்ஜின் எங்கே கிடைக்கும்?

ஒய்பி கிடைக்கும், 1960-களில் நாகர்கோவில் ஸ்டேஷன்தான் கிடைக்காது. திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதை திறந்தது 1979-ல். திருநெல்வேலி–நாகர்கோவில் 1981-ல். இரண்டும் தொடக்கத்திலேயே பிராட் கேஜ், அதாவது அகலப் பாதை. நம் மாவட்டத்தில் மீட்டர் கேஜ் ஒரு நாளும் ஓடியதில்லை.

வடசேரி: அதெப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? என் மாமனாரும் "சின்னப் பாதை ஓடினதாக்கும்" என்கிறார்.

மாமனார் மேல் மரியாதை உண்டு. ஆனால் பாதை எங்கிருந்து வந்திருக்கும்? மேற்கே மீட்டர் கேஜ் 1904-ல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு வந்து, 1931-ல் திருவனந்தபுரம் தம்பானூருக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. கிழக்கே திருநெல்வேலியில் நின்றது. நடுவில் நாம். 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தோம், அப்புறம் தமிழ்நாட்டுக்கு வந்தோம், அதற்குப் பிறகும் 23 வருஷம் பஸ்தான்.

வெள்ளமடம்: மைதா சல்லடை இல்லாவிட்டால் நைலான் துணி போதுமா? அப்புறம் இன்ஜினுக்கு தேங்காய் எண்ணெய்...

துணி போதும். எண்ணெய்க்கு மேலே பார்க்கவும்.

மார்த்தாண்டம்: வண்டி நின்று நின்று போகிறது. மணல்தாளால் தேய்த்தேன், ஒரு வாரம் நன்றாக ஓடி, இப்போது முன்னைவிட மோசம்.

மணல்தாள் கீறல் போடும். அந்தக் கீறல்களில் அழுக்கு போய்க் குடியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் நனைத்துத் துடையுங்கள். கடல் பக்கம் வீடு என்றால் வாரம் ஒரு முறை. சக்கரத்தையும் துடையுங்கள், எல்லோரும் அதை மறக்கிறார்கள்.

இரணியல்: குகைக்குள் பல்லி குடியிருக்கிறது.

எனக்கும்தான். குகை இரண்டு பக்கமும் திறந்திருந்தால் வரத்தான் செய்யும். ஓட்டாத நேரத்தில் இரண்டு வாயிலும் பஞ்சு அடைத்து வையுங்கள். அடைக்கும் முன் அது வெளியே போய்விட்டதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

தோவாளை: பையனுக்கு நாலு வயசு. வாங்கலாமா?

பையனுக்கா, உங்களுக்கா? பையனுக்கு என்றால் சாவி கொடுக்கும் ரயில்.

பூதப்பாண்டி: பாட்டாவிடம் திரும்பக் கேட்டேன். வருஷம் 1983 என்று மாற்றுகிறார். ஆனால் நாகர்கோவிலில் ஏறினார், சின்ன வண்டியில் மெட்ராஸ் போனார், புகை பார்த்தார் என்பதில் அசையவில்லை.

அப்படிச் சொல்லுங்கள்! பாட்டா சொன்னது மூன்றுமே உள்ளதாக்கும். 1983-ல் நாகர்கோவிலில் பிராட் கேஜ் வண்டி ஏறி, திருநெல்வேலியில் இறங்கி, மீட்டர் கேஜ் வண்டிக்கு மாறியிருப்பார். மதுரை–திருநெல்வேலி பாதை அகலமானது 1990-களில்தான். அதுவரை நம் ஆள்களுக்கு மெட்ராஸ் என்றால் திருநெல்வேலியில் மூட்டை மாற்றும் வேலை உண்டு. புகையும் அங்கேதான் பார்த்திருப்பார். நாற்பது வருஷத்தில் இரண்டு பிளாட்பாரமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் ஒய்பி ஓட்ட ஆசைப்பட்டால் திருநெல்வேலியைச் செய்யுங்கள். இரண்டு கேஜும் ஒரே பலகையில் வரும். மீட்டர் கேஜுக்கு எச்.ஓ-வில் 12 மில்லிமீட்டர் பாதை. நாகர்கோவில் ஜங்ஷன்தான் வேண்டும் என்றால் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: திருவனந்தபுரம் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் ஒரே முனையில் வந்து சேர்வதால், இங்கிருந்து அங்கே போகும் வண்டிக்கு இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். நாகர்கோவில் டவுன் ஸ்டேஷன் வழியாகப் போனால் வேண்டாம். ஒரு சாயங்காலம் முழுக்க ஓட்டலாம்.

வடசேரி: அண்ணாச்சி, கேஜ் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் கன்னியாகுமரி ஸ்டேஷன் டிராக் எத்தனை மில்லிமீட்டர்?

16.5.

வடசேரி: 87-ஆல் பெருக்கினேன். 1435 வருகிறது. பிராட் கேஜ் 1676 இல்லையா?

ஆமாம். எச்.ஓ பாதை வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜுக்குச் செய்தது. நம் பிராட் கேஜுக்கு 19.26 மில்லிமீட்டர் வேண்டும். அந்த அகலத்தில் கடையில் பாதை கிடையாது, இன்ஜின் கிடையாது, சக்கரம் கிடையாது. இரண்டு அடி நீளத்துக்குக் கையால் போட்டுப் பார்த்தேன். சிலீப்பர் கட்டை ஒவ்வொன்றாக வெட்டி, ஆணி அடித்து, ஒரு சரக்கு வேகனின் அச்சை நீட்டி... நாலு மாதம். அந்த வேகன் அந்த இரண்டு அடியில் போகும், வரும். மற்றதெல்லாம் சென்னை மெட்ரோ அகலத்தில்தான் ஓடுகிறது. பார்க்க வருகிறவர்கள் யாரும் இதுவரை பெருக்கிப் பார்த்ததில்லை.

பூதப்பாண்டி: அப்போ கன்னியாகுமரி மாவட்டத்தில் பிராட் கேஜ் இல்லாத ரயில் ஓடியிருக்கிறது என்று பாட்டாவிடம் சொல்லிவிடட்டுமா?

சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க. மாடிப்படி பதினாலு, கைப்பிடி இருக்கிறது. வரும்போது மைதா சல்லடை ஒன்று வாங்கி வந்தால் நல்லது. அதைக் கீழே, சமையலறையில் கொடுத்துவிட்டு மேலே வரவும்.