நாய்க்குட்டியின் மருத்துவச் செலவு: சேமிப்பா, காப்பீடா, ஓய்வூதியப் பணமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், மின்சாரம், மளிகை எல்லாம் போக மாதம் 2,200 ராண்ட் மிஞ்சுகிறது. உடனே எடுக்கக்கூடிய கணக்கில் 9,000 ராண்ட் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் நாய் உண்ணியால் பரவும் பிலியரி நோய் வந்து இறந்துபோனது. சிகிச்சைக்கு ஆன 13,500 ராண்டில் பெரும்பகுதி கடன்தான். இப்போது பிள்ளைகளின் ஆசைக்காக ஒன்பது வாரப் பெண் குட்டி ஒன்றை வாங்கியிருக்கிறோம். தடுப்பூசிக்கு மூன்று முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் 580 ராண்ட் ஆகும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். உண்ணி மாத்திரை மாதம் 130, குடற்புழு மருந்து ஒரு தடவைக்கு 60, கருத்தடை அறுவைக்கு 2,900, தீவனம் மாதம் 350. காப்பீட்டுக்கு மாதம் 340 ராண்ட் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 45,000 வரை தருவார்கள், ஒவ்வொரு முறையும் 10 விழுக்காடு அல்லது குறைந்தது 600 ராண்ட் நாங்கள் ஏற்க வேண்டும். மாதம் இன்னும் 165 கட்டினால் தடுப்பூசி போன்ற வழக்கமான செலவுகளுக்கு ஆண்டுக்கு 1,500 வரை கிடைக்குமாம். என் கணவர் தமது ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து 15,000 ராண்ட் எடுத்து நாய்க்கென்று ஒதுக்கிவிடலாம் என்கிறார். மாமியாரோ, அந்தக் காலத்தில் நாய்கள் மிச்சச் சோற்றிலேயே வளர்ந்தன, இதெல்லாம் வீண் செலவு என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடன் வாங்கிச் சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியாமல் போன ஒரு உயிருக்குப் பிறகு, இன்னொரு குட்டி வீட்டுக்கு வந்ததுமே கணக்குப் போட்டுப் பார்க்க நினைத்திருக்கிறீர்கள். அது சரியான தொடக்கம். நாய்க்கு ஆகும் செலவு இரண்டு வகைப்படும். ஒன்று, இன்ன மாதத்தில் இவ்வளவு என்று முன்பே தெரிந்த செலவு. மற்றொன்று, வருமா வராதா என்று தெரியாத, வந்தால் பெருந்தொகையாக வரும் செலவு. முதல் வகையை மாதச் சம்பளத்திலிருந்தே கட்ட வேண்டும். இரண்டாவதற்குத்தான் சேமிப்பும் காப்பீடும். உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளில் பல இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்பதால், பிரித்தே பார்ப்போம்.

தெரிந்த செலவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தடுப்பூசி வருகைகளுக்கு 1,740 ராண்ட், ஓராண்டு உண்ணி மாத்திரைக்கு 1,560, கருத்தடைக்கு 2,900. குடற்புழு மருந்து குட்டிக்கு ஆறு மாதம் ஆகும் வரை ஏறக்குறைய மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எட்டுத் தடவைக்கு 480. ஆக முதலாண்டின் மருத்துவச் செலவு 6,680 ராண்ட், அதாவது மாதம் சுமார் 557. தீவனத்தையும் சேர்த்தால் மாதம் 907. இரண்டாம் ஆண்டில் கருத்தடையும் தொடர் ஊசிகளும் இல்லாததால், ஒரு பரிசோதனை வருகை, மாத்திரை, புழு மருந்து என்று மருத்துவச் செலவு மாதம் 200 ராண்டுக்குக் கீழே இறங்கிவிடும். இந்தத் தொகையை உங்கள் குடும்பத்தால் நிச்சயமாகத் தாங்க முடியும்.

கூடுதலாக 165 ராண்ட் கட்டும் அந்தத் திட்டம் வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கு 1,980 ராண்ட் கட்டி, அதிகபட்சம் 1,500 ராண்டைத் திரும்பப் பெறுவதில் பொருளே இல்லை. நிச்சயமாக வரப்போகும் செலவுக்குக் காப்பீடு எடுப்பவர், தம் பணத்தையே ஒரு பகுதி குறைத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

எந்தச் செலவைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, குறைந்தது முப்பது நாள் கழித்து, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது ஊசி, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை என்பது விதி. நீண்ட காலமாக நாய்களிடையே வெறிநோய் இருந்துவரும் உங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பல மருத்துவர்கள் ஆண்டுதோறும் போடச் சொல்கிறார்கள், கேளுங்கள். மனிதரிடம் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரையும் காப்பாற்ற முடியாத நோய் அது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மாகாண வேளாண்மைத் துறையின் கால்நடைப் பிரிவு நடத்தும் முகாம்களில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள். அதனால் எந்த வருகையில் எந்த ஊசி போடப்படுகிறது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, வெறிநோய் ஊசியை மட்டும் முகாமில் போட்டுக்கொள்வதால் கட்டணம் குறையுமா என்று விசாரிக்கலாம். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொடிய வைரஸ் நோய்களுக்கான தொடர் ஊசியில் மட்டும் கை வைக்காதீர்கள். பதினாறு வாரம் வரை அதை முறையாக முடிக்காத குட்டிக்குப் பார்வோ வந்தால், தனி அறையில் பல நாள் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியிருக்கும். மூன்று வருகைகளுக்கான மொத்தக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு அங்கே போய்விடும். தொடர் முடியும் வரை குட்டியைப் பூங்காவிலோ நடைபாதையிலோ இறக்கிவிடாதீர்கள்.

உண்ணி விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும், உங்கள் முந்தைய நாய் அதனால்தான் போயிற்று. பிலியரியை உண்டாக்கும் பபேசியா கிருமிகளுள் மிகக் கொடியதே தென்னாப்பிரிக்க நாய்களைப் பெரிதும் தாக்குகிறது; அது இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பதால் ஈறு வெளுத்து, காய்ச்சல் அடித்து, நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொள்ளும், சிலவற்றுக்குச் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். முதல் நாளே மருத்துவரிடம் கொண்டுபோனால் ஊசியோடு முடியக்கூடிய நோய், மூன்று நாள் பொறுத்துப் பார்த்தால் இரத்தம் ஏற்றும் நிலைக்குப் போய்விடுகிறது; செலவு ஆயிரங்களிலிருந்து பதினாயிரங்களுக்குத் தாவுவது அந்த இடைவெளியில்தான். எனவே மாதம் 130 ராண்ட் மாத்திரையைக் குளிர்காலத்திலும் நிறுத்தாதீர்கள், டர்பனின் கடலோர வெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வுக்காலம் கிடையாது. ஆனால் குட்டியின் எடை மாதந்தோறும் ஏறும், மாத்திரையோ எடையைப் பொறுத்தது என்பதால், மலிவாகக் கிடைக்கிறதென்று மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைக்காமல், வளர்ந்து முடியும் வரை ஒவ்வொன்றாகவே வாங்குங்கள். தினமும் மாலையில் காது மடல், கால்விரல் இடுக்கு, கழுத்து ஆகிய இடங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து தடவிப் பாருங்கள். கடித்த உண்ணி கிருமியை இறக்கப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும் என்பதால், அன்றன்றைக்கே எடுத்துவிடுவது பெரிய பாதுகாப்பு, அதற்குக் காசும் ஆகாது. அப்படியே ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பாதி உண்மை. அன்றைய வீடுகளில் நாய்கள் மிச்சச் சோற்றில் வளர்ந்தன. ஆனால் எத்தனை குட்டிகள் ஓராண்டைத் தாண்டாமல் போயின என்பதை அன்று யாரும் கணக்கு வைக்கவில்லை. நம் வீட்டுக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருப்பதில்லை, அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. எண்ணெய் மிகுந்த கறி கணையத்தை வீங்க வைக்கும், வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். எதுவும் சேர்க்காத வெறும் சோறும் வேகவைத்த கோழிச் சதையும் எப்போதாவது கொடுக்கலாம், அதைப் பாட்டியே தம் கையால் கொடுக்கட்டும். தினசரி உணவாகக் குட்டிகளுக்கென்றே தயாரித்த தீவனத்தையே வைத்து, அளந்து போடுங்கள். அளவுக்கு மீறிக் கொடுக்கும் தீவனம் இப்போதும் செலவு, உடல் பருத்து மூட்டு நோய் வரும்போதும் செலவு. பல்லை நாய்களுக்கான பற்பசையால் துலக்க இப்போதே பழக்கிவிட்டால், பின்னாளில் மயக்கமருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்யும் தேவை குறையும்.

கருத்தடைக்கு 2,900 ராண்ட் அதிகமாகத் தெரிந்தால், எஸ்.பி.சி.ஏ. போன்ற விலங்கு நல அமைப்புகளில் வருமானத்தைப் பொறுத்துச் சலுகைக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். தள்ளிப்போட வேண்டாம். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பிற்காலத்தில் கருப்பையில் சீழ் பிடித்தால் அது அவசர அறுவை, செலவும் பல மடங்கு.

இனி, வருமா வராதா என்று தெரியாத செலவு. ஓய்வூதிய நிதியை இதற்காகத் தொடக் கூடாது என்பதே என் கருத்து. ஓய்வூதியப் பணத்தைச் சேமிப்புப் பகுதி, ஓய்வுக்காலப் பகுதி என்று பிரித்து 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இரு பகுதி முறையில், சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க அனுமதி உண்டு என்பது சரிதான். ஆனால் எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்த்து வரி விதிக்கப்படுகிறது. உங்கள் கணவர் 26 விழுக்காடு அடுக்கில் இருந்தால் 15,000 ராண்டில் 3,900 வரிக்கே போய்விடும். கையில் வரும் 11,100 ராண்டிலும் நிதியின் நிர்வாகக் கட்டணம் கழியும். இன்னும் வராத நோய்க்காக இப்போதே நாலில் ஒரு பங்குக்கு மேல் இழப்பது தேவையற்றது. அந்தப் பணம் உங்கள் இருவரின் முதுமைக்கு உரியது.

கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சென்ற முறை நீங்கள் அதில்தான் சிக்கினீர்கள். குறுகிய காலக் கடனுக்கு முதல் கடனில் மாதம் 5 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. 8,000 ராண்ட் வாங்கினால் முதல் மாத வட்டியே 400. தொடக்கக் கட்டணமும் மாதக் கட்டணமும் தனி. மஷோனிசா எனப்படும், பதிவு செய்யாத வட்டிக்காரரிடம் போனால் அந்த வரம்பும் இல்லை. அடுத்த முறை மருத்துவமனை வாசலில் நின்று முடிவெடுக்கும் நிலை வராமல் இருக்கத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

காப்பீட்டுக்கு வருகிறேன். மாதம் 340 என்றால் ஆண்டுக்கு 4,080. சென்ற முறை வந்ததைப் போல 13,500 ராண்ட் செலவு வந்தால், நீங்கள் ஏற்பது 1,350, நிறுவனம் தருவது 12,150. அதாவது ஏறக்குறைய மூன்று ஆண்டுக் கட்டணம். உங்களிடம் 40,000 ராண்ட் சேமிப்பு இருந்திருந்தால் காப்பீடு வேண்டாம், அந்த 340-ஐயும் சேமியுங்கள் என்று சொல்லியிருப்பேன். 9,000 மட்டுமே இருக்கும் குடும்பத்துக்கு, அதுவும் அந்த 9,000 நாய்க்கு மட்டுமல்லாமல் வீட்டின் எல்லா அவசரத்துக்கும் உரியது என்னும்போது, அடிப்படைத் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன். குட்டி ஆரோக்கியமாக இருக்கும் இப்போதே எடுப்பது முக்கியம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காப்பீடு பணம் தராது, சேர்ந்ததும் சிறிது காலம் நோய்களுக்குப் பணம் தராத காத்திருப்புக் காலமும் உண்டு. கையெழுத்திடுமுன் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: பிலியரிக்கு விலக்கோ தனி வரம்போ இருக்கிறதா, வயது ஏற ஏறக் கட்டணமும் நீங்கள் ஏற்கும் பங்கும் எப்படி உயரும், பணத்தை மருத்துவருக்கு நேரே தருவார்களா அல்லது நீங்கள் கட்டிய பிறகு திருப்பித் தருவார்களா. தடுப்பூசி அட்டையையும் உண்ணி மாத்திரை இரசீதுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். தடுத்திருக்கக்கூடிய நோய் என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்க அப்போது இடமிருக்காது.

பெரும்பாலும் கட்டிய பிறகே பணம் திரும்பி வரும் என்பதால், காப்பீடு இருந்தாலும் கையில் ரொக்கம் தேவை. ஆகவே உங்கள் 2,200 ராண்டில் 907 தெரிந்த செலவுக்கு, 340 காப்பீட்டுக்கு, 500 சேமிப்புக்கு, மீதி 453 வீட்டுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிகளும் அறுவையும் ஆண்டின் முற்பகுதியிலேயே வந்துவிடுவதால், முதல் ஆறு மாதம் அந்த 500-ஐயும் நாய்ச் செலவுக் கணக்கிலேயே போடுங்கள். மருத்துவர் அறுவையை அதற்கு முன்பே குறித்தால், குறையும் தொகையை மட்டும் 9,000-இலிருந்து எடுத்து, பின்வரும் மாதங்களில் திருப்பி வைத்துவிடலாம். அதன்பின் 500-ஐ அவசரச் சேமிப்பில் சேர்த்துவாருங்கள். அந்தச் சேமிப்பை 32 நாள் முன்னறிவிப்புக் கணக்கில் மட்டும் போடாதீர்கள். வட்டி சற்றுக் கூடுதல்தான், ஆனால் இரவு ஒன்பது மணிக்கு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்தப் பணம் உதவாது. ஜனவரியில் சீருடைக்கும் எழுதுபொருளுக்கும் பணம் நெருக்கும்போது சேமிப்புத் தவணையை ஒரு மாதம் நிறுத்தலாம். காப்பீட்டுக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள், திட்டம் அறுந்துபோனால் காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்கக்கூடும்.

அவசரச் சேமிப்பு 25,000 ராண்டைத் தாண்டும் நாளில் காப்பீடு இன்னும் வேண்டுமா என்று மறுபடி கணக்குப் பாருங்கள். அதற்கிடையே நிறுவனம் ஒரு கோரிக்கையை மறுத்து, அது நியாயமில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட்டு, தீராவிட்டால் 2024 மார்ச்சிலிருந்து இயங்கும் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.