பையன் காணாமல் போனால் எல்லார் போனும் அலறுமா?

தம்பி, ஆட்டிசம் உள்ள 19 வயது மகனோடு ஃப்ளோரிடாவுக்கு வந்திருக்கிறீர்கள். அவன் வீட்டை விட்டுப் போய்விட்டால் ஊரில் எல்லார் போனிலும் எச்சரிக்கை வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

அப்படி நம்பி இருக்காதீர்கள். போனை அலறவைக்கும் ஆம்பர் அலர்ட், 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கடத்தப்பட்டதாகத் தெரிந்தால்தான் வரும். சில்வர் அலர்ட் மறதி நோய் உள்ளவர்களுக்கு. இரண்டிலும் சேராத நம் பிள்ளைகளுக்காக 2022 ஜூலையில் இங்கே பர்ப்பிள் அலர்ட் வந்தது. 18 வயது நிரம்பியவர்களுக்கானது. வண்டியில் போயிருந்து நம்பர் பிளேட்டும் தெரிந்தால் மாநிலம் முழுக்க அறிவிப்பார்கள், நெடுஞ்சாலைப் பலகைகளிலும் போடுவார்கள். நடந்து போனவனுக்கு உள்ளூர் அறிவிப்புதான்.

அதைப் போடுவது போலீஸ். உயிருக்கு ஆபத்து உண்டா, அவர்கள் தலையிடாமல் பத்திரமாகத் திரும்புவானா என்று பார்ப்பார்கள். அதனால் அவசர உதவி எண்ணான 911-இல் "மகனைக் காணோம்" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆட்டிசம், ரோடு கடக்கத் தெரியாது, தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடுவான், பர்ப்பிள் அலர்ட் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் பொய். 21 வயதுக்குக் கீழ் என்றால் உடனே பதிவு செய்தாக வேண்டும் என்பது அமெரிக்கா முழுமைக்குமான சட்டம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுத் தேடிவிட்டு, கடைசியில் போலீஸுக்குச் சொல்வது நம்மவர்கள் வழக்கம். தயவுசெய்து அதைத் தலைகீழாக்குங்கள்.

ஆட்டிசக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 4 வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது வெளியேற முயன்றவர்கள் என்கிறது 2012-இல் வந்த அமெரிக்க ஆய்வு. எனக்குப் பெரிய பயம் தண்ணீர்தான். இங்கே அபார்ட்மெண்ட்டுக்குப் பின்னால் மழைநீர்க் குளம் இல்லாத இடம் குறைவு, பலவற்றுக்கு வேலியும் கிடையாது. அலர்ட் வருவதற்குள் ஒருவர் நேரே குளத்துக்கு ஓட வேண்டும். யார் ஓடுவது என்று இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.

கவுண்ட்டி, அதாவது மாவட்டப் போலீஸான ஷெரிஃப் அலுவலகங்கள் பலவற்றில் இப்படிப்பட்டவர்களுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. உங்கள் கவுண்ட்டியில் விசாரித்துப் பெயர் கொடுங்கள். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: சமீபத்துப் படம், உயரம், எடை, எந்தச் சத்தத்துக்கு மிரளுவான், எங்கே போகப் பிடிக்கும். என் மகன் "ஸ்டாப்" என்றால் ஓடுவான், "வா கண்ணு, கார்ல போலாம்" என்றால் வந்துவிடுவான். போலீஸ்காரர் அப்படியே வாசிக்கும்படி அதை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பையனுக்கு எது எடுபடும் என்று அவன் அம்மாவைக் கேட்டு எழுதுங்கள். காலையில் என்ன சட்டை போட்டான் என்பதற்குத் தினமும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், போதும்.