2017 ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 2.44 ரூபாய், பழைய காற்றாலைக்கு மட்டும் ஏன் 4 ரூபாய்க்கு மேல்?

ஆந்திராவின் நகரி, புத்தூர் டீக்கடைகளிலும் அடிபடுகிற கேள்விதான். முன்பு விலையை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்தது. அனந்தபூர், கர்னூல் காற்றாலைகளுக்கு ஆந்திராவில் யூனிட்டுக்குச் சுமார் 4.80 ரூபாய். பிறகு வந்தது தலைகீழ் ஏலம். மீன் ஏலம் மாதிரி விலை ஏறாது, குறைத்துச் சொன்னவருக்கே ஒப்பந்தம். 2017 மே மாதம் ராஜஸ்தான் பட்லாவில் சூரிய மின்சாரம் 2.44க்கு இறங்கியது.

காற்றுக்குக் காசில்லை, செலவெல்லாம் தொடக்கத்திலேயே. அன்றைய இயந்திர விலையும் வங்கி வட்டியும் 25 வருஷ ஒப்பந்தத்தில் உட்கார்ந்துவிடும். 2019ல் ஆந்திர அரசு பழைய விலையைக் குறைக்கப் பார்த்தது. வழக்கு முடியும்வரை காற்றுக்கு 2.43, சூரியனுக்கு 2.44 என்று இடைக்கால விலை. 2022ல் உயர்நீதிமன்றம் ஒப்பந்த விலையையே கொடுக்கச் சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால் பழைய விலையைக் குறைக்கப் பார்ப்பது அரசுக்கே நஷ்டம்: கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் மாறும் என்ற பயம் வந்தால் வங்கி வட்டியைக் கூட்டும், அது அடுத்த ஏல விலையில் வந்து நிற்கும்.